வீட்டுப் பட்டறைக்கு எந்த பிரஸ் வாங்குவது? 12 டன் வாங்கியவன் சொல்கிறேன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலிலேயே மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டு வேலை பார்க்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் என்று வந்துவிட்டால் மட்டும் பாதிப் பேர் சுத்தியலைத் தூக்குவார்கள், மீதிப் பேர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எனக்கு இரண்டுமே அலுத்துப்போய்த்தான், இவற்றையெல்லாம் அழுத்தியே ஏற்றி இறக்குகிற 12 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை வாங்கி, கார் நிறுத்துகிற கொட்டகையில் வைத்திருக்கிறேன். கடையில் ஆறு, பன்னிரண்டு, இருபது என்று வரிசையாக நிற்கும்போது எதை எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். டன் கணக்கை அப்புறம் பாருங்கள், முதலில் ஃபிரேமைப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

அதற்கு முன்னால் ஆன்லைன் கூத்தை முடித்துவிடலாம். பெஞ்ச் பிரஸ் என்று தட்டினால் பாதி ஜிம் சாமான் வருகிறது, மீதியில் அமெரிக்காக்காரர்கள் வீட்டில் தோட்டா அடைக்கிற ரீலோடிங் பிரஸ் வருகிறது. ஆர்.சி.பி.எஸ்., லீ, டில்லன் என்று வரிசை கட்டி நிற்கும், வீடியோவில் பார்க்க அழகாகவும் இருக்கும், கைப்பிடியைக் கீழே இழுத்தால் ராம், அதாவது அழுத்துகிற தண்டு, மேலே ஏறுகிறது. அங்கே அது ஊரறிந்த பொழுதுபோக்கு. இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், ஆகவே "சும்மா பேரிங் அடிக்கத்தான்" என்று அதை வரவழைத்துவிட்டு கஸ்டம்ஸில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நம் வேலைக்கு அது ஆகவும் ஆகாது. ஆனால் அவர்கள் மிஷின் தேர்ந்தெடுக்கிற விதத்தில் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: முன்பக்கம் திறந்த சி வடிவமா, சுற்றி மூடிய ஓ வடிவமா என்று முதலில் பார்க்கிறார்கள். திறந்த வாய் பாரம் ஏறினால் கொஞ்சமாவது விரியும். விரிந்தால் ராம் நேராக இறங்காது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ஒரு டன் ஆர்பர் பிரஸ் இந்தத் திறந்த வாய் வகைதான். எண்ணெய் கிடையாது, ஜாக் கிடையாது, பல்சக்கரம் ஒன்று பல்லுள்ள தண்டை இறக்கும், அவ்வளவுதான். அதில் ஒரு நல்ல குணம் உண்டு, பேரிங் எங்கே இறுக்குகிறது என்பது கைக்கே தெரியும். சின்ன புஷ், சின்ன பேரிங் ஏற்ற அருமையான சாமான். துருப்பிடித்த பழசைக் கழற்றும்போதுதான் திணறும், அப்போது கைப்பிடியில் குழாயைச் சொருகித் தொங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம் அந்த வேலை. வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

எச் வடிவ ஃபிரேமுக்கு வருவோம். என்னிடம் இருப்பது சிவப்புப் பெயின்ட் அடித்த, பெரிய பெயர் எதுவும் இல்லாத சீனத் தயாரிப்பு, 800 வெள்ளிக்குள் முடிந்தது. இரண்டு தூண், மேலே ஒரு விட்டம், நடுவில் ஏற்றி இறக்கக்கூடிய மேஜை. இந்த மாதிரி மலிவு பிரஸ்ஸில் காரைத் தூக்குகிற பாட்டில் ஜாக் நிமிர்ந்தபடி ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்து மேல் விட்டத்தை முட்டித் தள்ளுகிறது, அதனால் ஜாக்கே தகட்டோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங், வால்வைத் திறந்ததும் தகட்டை மேலே இழுத்துக்கொள்ளும். இறங்க இறங்க அடிக்கிற கைப்பிடியும் இறங்கும், கடைசி நேரத்தில் முதுகை வளைத்துக்கொண்டுதான் பம்ப் அடிக்க வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் இதைக் கடையிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிடுவது நல்லது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? தகட்டை இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடத்தான் செய்யும், லொடலொடவென்று ஆடினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். விட்டத்தின் வெல்டிங் தொடர்ச்சியாக ஓடுகிறதா, பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டுப் பெயின்டால் மூடியிருக்கிறார்களா? போல்ட் தலையில் 8.8 என்று அடித்திருக்க வேண்டும், ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்தால் மாற்றச் செலவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேஜையைத் தாங்குகிற இரண்டு பின்னும் முழுசாக உள்ளே போய் அந்தப் பக்கம் தலை நீட்ட வேண்டும். பிரஷர் மீட்டர் இருந்தால் நல்லது, என்னுடையதில் இல்லை, கையில் ஏறுகிற கனத்தை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

என் குறை முழுக்க அந்த ஆர்பர் பிளேட் மேல்தான். மேஜையில் வைத்து அதன் மேல் சாமானை நிறுத்துகிற, ஓரத்தில் வெட்டு விழுந்த கனத்த இரும்புக் கட்டைகள் இரண்டு கூடவே வரும். எனக்கு வந்தவற்றில் ஒன்று தரையில் வைத்தால் ஆடியது, அடிப்பக்கம் வார்ப்பின் பிசிறு அப்படியே இருந்தது. விற்ற கடைக்குப் படம் அனுப்பினேன், "எல்லாமே அப்படித்தான் பாஸ்" என்று பதில் வந்தது. கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கினேன், ஆனாலும் முழுப் பாரம் கொடுக்க மனம் வரவில்லை, கனமான தகட்டை வெட்டி வாங்கி அதைத்தான் இப்போது போடுகிறேன். எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தச் செலவையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது இன்னொன்று: போல்ட்டை எடுத்த எடுப்பில் முறுக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, மூலைமட்டம் வைத்து நேர் பார்த்து, ஜாக்கால் லேசாகப் பாரம் கொடுத்துப் பிடித்துக்கொண்டு அப்புறம் இறுக்குங்கள்.

சரி, வேலை எப்படி? கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் அடிக்கடி கையில் வருகிற 6201, 6301 பேரிங் இரண்டுக்கும் உள்துளை 12 மி.மீ. தான், வெளிவட்டம் மட்டும் 32, 37. இதுக்கெல்லாம் 12 டன்னில் கால்வாசிகூடத் தேவைப்படாது. ஹப்புக்குள், அதாவது பேரிங் உட்காருகிற சக்கர நடுப்பகுதிக்குள், இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும், தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில். மாற்றி அழுத்தினால் பாரம் முழுக்க உருண்டை வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும், புது பேரிங் முதல் நாளே கரகரக்கும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சின்னதாக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல டூல் கிடையாது. பேரிங்கை ஃபிரீசரில் வைத்துவிட்டு ஹப்பைச் சூடாக்கினால் இன்னும் சுலபம், அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். முதல் தடவை அப்படிச் செய்தபோது 6301 கையால் அழுத்தியே பாதி உள்ளே போய்விட்டது, சுத்தியல் அடித்த காலத்தை நினைத்து எனக்கே சிரிப்பு. ஆனால் கண்ணாடி போடாமல் பிரஸ் பக்கம் போகாதீர்கள். பேரிங் வளையம் கெட்டியான இரும்பு, பாரத்தில் வெடித்தால் சில்லு பறக்கும். நான் பழைய டயர் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டு, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுதான் அடிக்கிறேன்.

ஊரில் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் "இருபது டன் எடுத்துடு தம்பி, பின்னாடி கிராங்க் வேலையும் பார்க்கலாம்" என்றார், இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்டைச் சொல்கிறார். அவருக்கு அது சரி, தினமும் அதே வேலை. வீட்டில் பார்ப்பவருக்கு கிராங்க் பின்னைத் தள்ளிக் கழற்றுவது பெரிய விஷயமே இல்லை, திரும்பக் கோத்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வரை பார்த்துத் தட்டித் தட்டிச் சரிசெய்வதுதான் வேலை. அந்த ஜிக்கும் கைப்பழக்கமும் இல்லாமல் இருபது டன் இருந்து என்ன பயன்? நான் கிராங்க்கை ஈப்போவுக்குத்தான் கொடுத்தனுப்புகிறேன். ஆறு டன்னும் கப்சாய்க்குப் போதும், ஆனால் நான் பார்த்ததெல்லாம் மேஜை மேல் வைக்கிற குட்டை ஃபிரேம், சக்கரத்தை முழுசாக உள்ளே விட இடம் போதவில்லை.

12 டன்னுக்கு நான் நினைத்ததைவிட வேலை அதிகமாகவே வருகிறது. செம்பனைக் குலை தள்ளுகிற வண்டியின் சக்கர பேரிங், புல் வெட்டுகிற மிஷின் கியர்பாக்ஸ், சாகா காரின் லோவர் ஆர்ம் புஷ் எல்லாம் இதில் ஏறி இறங்கியிருக்கின்றன. காரின் முன்சக்கர ஹப் மட்டும் துரு ஏறிக் கிடந்தால் அடம்பிடிக்கும், ஒரு தடவை பம்ப் கல்லாக இறுகிப்போய் நிறுத்திவிட்டேன். கார் வேலைதான் அதிகம் என்றால் நீங்கள் இருபதே எடுங்கள். கப்சாய், தோட்டச் சாமான் என்றால் 12 போதும், மிச்சமாகிற வெள்ளியில் நல்ல பிளேட்டும் கண்ணாடியும் வாங்குங்கள். ஆன்லைனில் எடுப்பதானால் கட்டணத்தைக் கவனியுங்கள், சாமான் கனம், அனுப்புகிற செலவிலேயே மலிவு காணாமல் போய்விடும்.