ஹே டே, பதினோரு வருடம்: அடுத்தவர் கடையில் கை வைக்காதீர்கள்

2014-ல் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் ஹே டே என்ற பண்ணை கேமை ஏற்றினேன், இன்றைக்கும் காலைக் காபியோடு முதலில் திறப்பது அதைத்தான். கேம் எப்படி, படம் எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். விளைய கோதுமைக்கு 2 நிமிடம், சோளத்துக்கு 5 நிமிடம், கேரட்டுக்கு 10 நிமிடம், இதெல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிடும். கூட விளையாடுகிறவர்களோடு எப்படி இருப்பது என்பதுதான் சீக்கிரம் பிடிபடாது. எனக்கு அதற்கு நாலைந்து வருடமும் ஒரு அவமானமும் ஆனது.

அவமானத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்: நம் களஞ்சியத்தைப் பெரிதாக்க போல்ட், பலகை, டக்ட் டேப் மூன்றும் வேண்டும். அறுவடை செய்யும்போது எப்போதாவது ஒன்று விழும், எது எப்போது விழும் என்று தெரியாது. அதனால் குழுவில் இருப்பவர்கள் (நெய்பர்ஹுட் என்பார்கள், 30 பேர் வரை சேரலாம்) ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வோம். ஆனால் "இந்தாங்க" என்று நேராகக் கையில் கொடுக்க முடியாது. நம் ரோட்டோரக் கடையில் விலை போட்டு வைக்க வேண்டும், வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னாருக்கு மட்டும் என்று பூட்டி வைக்க வழி இல்லை, கடைக்கு யார் வந்தாலும் எடுக்கலாம்.

எங்கள் குழுவில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் உண்டு. ஒரு நாள் அவர் கடைக்குப் போனால் பத்து போல்ட், ஒரே ஒரு காயின் விலையில். அக்கா தெரியாமல் விலையைக் குறைத்துப் போட்டுவிட்டார் போல, நமக்கு அதிர்ஷ்டம் என்று தட்டினேன். கால் மணி நேரம் கழித்து சாட்டில் அக்கா கேட்கிறார், "திருச்சி அத்தைக்கு வச்சிருந்த போல்ட்டை யாரு எடுத்தது?" நான் வாயே திறக்கவில்லை. யாரோ வெளியாள் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான். ஆனால் இந்தக் கேமில் பொருள் விற்றதும், கடைக்காரர் காசை எடுக்கும்வரை அந்தப் பெட்டியிலேயே வாங்கியவரின் படமும் பெயரும் நிற்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க வேண்டாம் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார்! பத்து போல்ட்டையும் என் கடையில் அதே ஒரு காயினுக்கு வைத்து, "அத்தை, மன்னிச்சுக்கோங்க, எடுத்துக்கோங்க" என்று எழுதினேன். அத்தை எடுத்துக்கொண்டு, "களஞ்சியம் பெருசாச்சு கண்ணு" என்று மட்டும் போட்டார்.

அன்றிலிருந்து, கடையில் ஒரு பொருள் அடிமாட்டு விலைக்கு இருந்தால் அது எனக்கில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கேட்டுவிட்டு எடுக்க பத்து வினாடி ஆகாது. இதைவிட மோசமானது, குழுவில் சலுகை விலைக்கு வாங்கி, அதையே முழு விலைக்குத் தன் கடையில் வைத்துப் கேமுக்குள் வரும் பத்திரிகையில் விளம்பரம் போடுவது. ஒரு பையன் இரண்டு வாரம் இப்படி வியாபாரம் பார்த்தான். அவன் கடைக்கு நாங்களும் போவோம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்தது டெர்பி, குழுக்களுக்கு இடையே நடக்கும் போட்டி. எனக்குத் தெரிந்த சண்டைகளில் பாதிக்கு மேல் இதில்தான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை தொடங்கும். குழுவுக்குப் பொதுவாக ஒரு பலகையில் டாஸ்க் தொங்கும், ஆளாளுக்கு ஒன்றை எடுத்து நேரத்துக்குள் முடித்தால் குழுவுக்குப் புள்ளி. சாதாரணமாக ஒரு டாஸ்க்குக்கு அதிகபட்சம் 320. பல குழுக்களில் 320-க்குக் குறைந்ததைத் தொடக்கூடாது என்று விதியே உண்டு. புதிதாக வந்தவர் அவசரமாக 150 புள்ளி டாஸ்க்கை எடுத்துவிட்டால் அவர் செய்யக்கூடிய டாஸ்க் எண்ணிக்கையில் ஒன்று போனதுதான். பாதியில் தூக்கிப் போட்டாலும் அது கணக்கில் வரும், புள்ளி மட்டும் வராது.

இங்கே நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். டெர்பியில் கலந்துகொள்ளவில்லை என்று அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை வெட்கப்படாமல் அழுத்துங்கள். வீட்டில் கல்யாணமா, பரீட்சையா, போன் ரிப்பேரா, அழுத்துங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் எத்தனை பேர் கலந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நமக்கு எதிரணியைக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு பேர் என்று கணக்கில் நின்றுவிட்டு ஒன்பது பேர் மட்டும் விளையாடினால் மற்ற மூன்று பேரின் பாரத்தையும் அந்த ஒன்பது பேர்தான் சுமக்க வேண்டும். டெர்பியின் உச்சப் பிரிவான சாம்பியன் லீக்கில் ஆளுக்கு ஒன்பது டாஸ்க். அதைச் செய்ய ராத்திரி அலாரம் வைத்து எழுந்தவர்களை எனக்குத் தெரியும் (பைத்தியக்காரத்தனம்தான், நானும் வைத்திருக்கிறேன்). அவர்கள் முன்னால் பூஜ்யத்தோடு ஒருவர் ஜாலியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதே சமயம் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஐந்து நாள் கேமைத் திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அப்போதிருந்த குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் கூட இருந்தவர்கள். கேம்தானே என்று சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை. இப்போது நானே ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவர், யாராவது ஒரு வாரம் காணாமல் போனால் அவரோடு பழக்கம் உள்ளவரிடம் விசாரித்துவிட்டுத்தான் எதையும் செய்கிறேன்.

நண்பர் பண்ணைக்குப் போவது பற்றி. ஆரம்பத்தில் நான் போவதே பெட்டி தேடத்தான். அவ்வப்போது மற்றவர் பண்ணையில் பரிசுப் பெட்டி ஒன்று கிடக்கும், திறந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அங்கே பட்டுப்போன ஆப்பிள் மரம் ஒன்று உதவி கேட்டுப் பலகை வைத்துக்கொண்டு நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வந்துவிடும், நமக்கும் கொஞ்சம் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கும். அதைச் செய்யாமல் வருவது, ஒரு வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டு, வாசலில் அவர்கள் தூக்க முடியாமல் தூக்கும் சிலிண்டரைத் தாண்டி நடந்து வருவது மாதிரி. மற்றவர் படகில் அனுப்ப வேண்டிய சரக்குப் பெட்டியை நிரப்பிக் கொடுப்பதும் இப்படியே, ஆனால் அதில் கேட்கிறவருக்கும் ஒரு அளவு வேண்டும். தன் கோழி போடும் முட்டைக்கெல்லாம் உதவி கேட்கக்கூடாது.

வயசு விஷயம் நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ', முடிந்தது. தமிழில் நீயா நீங்களா என்று முதல் வரியிலேயே முடிவு செய்ய வேண்டும், எதிரே இருப்பதோ ஒரு கோழிப் படமும் 'கிங் 007' மாதிரி ஒரு பெயரும். அப்படி ஒருவரை மூன்று மாதம் "டேய் தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். "பரவாயில்லை சார், இங்கே நான் தம்பியாகவே இருந்துக்கிறேன்" என்றார். எதற்கு வம்பு, தெரியும்வரை 'நீங்க'தான். பெண் பெயர் என்று தெரிந்ததும் போன் நம்பர் கேட்பவர்கள், போல்ட்டை நிஜ ரூபாய்க்கு விற்கிறேன் என்று வருபவர்கள், இவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, உடனே வெளியே அனுப்புங்கள்.

இதில் ஒரு வேடிக்கை, ஒரு கேமில் மரியாதைக் குறைவாக இருப்பது இன்னொன்றில் வழக்கமாக இருக்கும். 2008, 2009 வாக்கில் சீனாவில் பிரபலமான 'ஹேப்பி ஃபார்ம்' விளையாட்டில் பக்கத்துத் தோட்டத்துக் காய்கறியைத் திருடுவதுதான் ஆட்டமே, ராத்திரி எழுந்து திருடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. 2009-ல் வந்த ஃபார்ம்வில்லில் திருட்டு இல்லை, ஆனால் ஃபேஸ்புக்கைத் திறந்தால் "வழி தவறிய பசு ஒன்று என் பண்ணைக்கு வந்திருக்கிறது" என்று யாராவது அறிவித்திருப்பார்கள். பண்ணையே வைக்காத சித்தப்பாவுக்கும் பசு வேண்டுமா என்று கேட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நானும் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் அவர் போன் பண்ணி, "கண்ணு, உனக்கு அங்க எல்லாம் சரியா இருக்கா?" என்றார். ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது, சித்தப்பா நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்.

நேற்றுக்கூடக் கோயம்புத்தூர் அக்கா கடைக்குப் போனேன். பத்து போல்ட், ஒரு காயின். எனக்கு இன்னும் ஏழு இருந்தால் களஞ்சியம் ஏறிவிடும். சாட்டில் பார்த்தால் மூன்று நாளுக்கு முன்பே "அத்தைக்கு" என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தையின் களஞ்சியமோ நிரம்பி வழிகிறது, இடம் இருந்தால்தானே எடுக்க முடியும். அவரிடமிருந்து பதினைந்து பன்றிக்கறித் துண்டும் நாலு கேக்கும் வாங்கி இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.