முட்டி வரை ஸ்டாக்கிங்கா, வயித்து பெல்ட்டா?

வெரிகோஸ் வெயினும் (கால்ல சுருண்டு புடைச்சு நிக்கிற நரம்பு) இருக்கு, எழுந்து நின்னா பிபி இறங்கி தலையும் சுத்துதுன்னா எதை வாங்குறதுன்னு குழப்பம் வரும். முட்டி வரை போடுற கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் (காலை இறுக்கிப் பிடிக்கிற நீள சாக்ஸ்) கால் வலி, வீக்கம், கனத்துக்கெல்லாம் நல்லாவே கேக்கும், ஆனா பிபிக்கு பெருசா உதவாது, ஏன்னா நிக்கும்போது ரத்தம் கால்ல மட்டும் இல்ல, வயித்து ரத்தக்குழாய்கள்லயும் நிறைய தேங்கிடுது. அங்க வயித்து பெல்ட் தான் கைகொடுக்கும், எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி இறுக்கிட்டு படுக்கும்போது கழட்டிடலாம், வயசானவங்களுக்கு ஸ்டாக்கிங் மாட்டுறத விட எவ்வளவோ சுலபம். சுருண்ட நரம்புக்கு பெல்ட் ஒண்ணும் பண்ணாது. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 இறங்குறவங்க ரெண்டையும் சேர்த்து போடுறது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஆனா கால்ல ரத்த ஓட்டம் கம்மியா இருக்குறவங்க, முக்கியமா சுகர் இருக்குறவங்க, டாக்டர்கிட்ட காட்டாம ஸ்டாக்கிங் மாட்டவே மாட்டாதீங்க.