ஊர்க்குறிப்பை எங்கே எழுதுவது? கிராம்ப்ஸ் வம்சாவளி மென்பொருள்: நீண்டகாலப் பாவனைக்குப் பின்

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் ஒன்றை எடுத்தால் முதல் வரியிலேயே மூன்று இடம் வந்துவிடும். புங்குடுதீவு 5ஆம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், கொக்குவிலை வசிப்பிடமாகவும், கனடாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட... ஆளின் பெயர் அதற்குப் பிறகுதான். வம்சாவளி மென்பொருள்கள் பலவற்றில் ஊர் என்பது பிறந்த திகதிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டி மட்டுமே. ஊரின் பெயர் அதற்குள் அடங்கும், ஊரின் வரலாறு அடங்காது. கிராம்ப்ஸில் இடத்துக்குத் தனிப் பதிவு உண்டு. இலவசம் என்பதைவிட, அதை விடாமல் பாவிப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

ஓர் இடப்பதிவுக்குள் பெயர், வகை, அகலாங்கு நெட்டாங்கு, மாற்றுப் பெயர்கள், மேலே எந்த இடத்துக்குள் அடங்குகிறது, படங்கள், சான்றுகள், குறிப்புகள் எல்லாம் போகும். ஒருமுறை எழுதினால் அந்த ஊரில் பிறந்த நூறு பேருக்கும் அதே பதிவு. வகைப் பெட்டியில் நகரம், கிராமம் என்று ஆயத்தமாக இருப்பவை எமக்குப் போதாது. அதிலேயே குறிச்சி, வட்டாரம், வளவு என்று தட்டெழுதிக்கொள்ளலாம், அடுத்த முறை பட்டியலில் நிற்கும். வளவு, குறிச்சி, ஊர், பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம், மாகாணம் என்று அடுக்குவது நடைமுறையில் சரியாக வருகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலர் பிரிவுகளையும் 435 கிராமசேவையாளர் பிரிவுகளையும் முதலிலேயே போட்டு முடிக்கத் தொடங்கினால் ஆர்வம் அங்கேயே வற்றிவிடும். குடும்பம் கால் பதித்த இடங்களை மட்டும் போடுங்கள்.

அடுக்கின் உண்மையான பெறுமதி திகதியில் இருக்கிறது. எந்த இடத்துக்குள் அடங்குகிறது என்று எழுதும் ‘என்குளோஸ்ட் பை’ தாவலில் ஒவ்வொரு மேலிடத்துக்கும் காலம் குறிக்கலாம். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது, அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டம். இரண்டையும் திகதியோடு சேர்த்துவிட்டால், 1975இல் அங்கே பிறந்தவருக்கு யாழ்ப்பாண மாவட்டம் என்றும் 1990இல் பிறந்தவருக்குக் கிளிநொச்சி மாவட்டம் என்றும் மென்பொருளே எழுதும். 1988 முதல் 2006 முடியும்வரை இருந்த வடக்கு-கிழக்கு மாகாணத்துக்கும் இதே வழி. இதற்கு நிகழ்வில் திகதி இருக்க வேண்டும். சரியான நாள் தெரியாவிட்டாலும் உத்தேச ஆண்டைப் போடுங்கள், வெறுமையாக விட்டால் எந்தக் காலத்துப் பெயரை எடுப்பது என்று அதற்குத் தெரியாது. ஒரே காலத்துக்கு இரண்டு மேலிடம் கொடுத்தால், உதாரணமாகக் காணி உறுதியில் வரும் கோவிற்பற்று என்ற பழைய பிரிவும் இன்றைய செயலர் பிரிவும், பட்டியலில் முதலில் நிற்பதே அச்சில் வரும். நிர்வாகப் பிரிவை மேலே வையுங்கள்.

வட்டார இலக்கத்தில் பலர் சறுக்குகிறார்கள். பழைய அறிவித்தல்களில் வரும் வட்டார இலக்கம் பழைய கிராமசபைக் காலத்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வகுத்த வட்டாரங்களோடு அது பொருந்தாது. இலக்கத்தை மட்டும் எழுதி விட்டுவிட்டால் இருபது வருடம் கழித்து வாசிப்பவர் தவறான இடத்துக்குத்தான் போவார்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தெல்லிப்பளையா தெல்லிப்பழையா, ஊர்காவற்றுறையா ஊர்காவற்துறையா என்று வழக்காடத் தேவையில்லை. ஒன்றை முதன்மைப் பெயராக்கி மற்றதை மாற்றுப் பெயர்த் தாவலில் சேர்த்தால் போதும். அமெரிக்க மிஷன் பதிவுகளில் வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’ என்றும், ஒல்லாந்தர் ஆவணங்களில் காரைதீவு ‘ஆம்ஸ்டர்டாம்’ என்றும் வரும். காரைதீவு காரைநகரானது 1920களில்தான். இவற்றையெல்லாம் மாற்றுப் பெயராக, காலத்தோடும் மொழிக் குறியீட்டோடும் போடுங்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு ஆங்கிலக் குறியீடு கொடுத்து, இட வடிவமைப்பில் மொழியை மாற்றினால், அதே மரம் வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கில ஊர்ப்பெயரோடு வரும். இந்த ஒரு வசதிக்காகவே மாற்றுப் பெயர்களில் நேரம் செலவழிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. கொக்குவில் என்று இரண்டு இடங்கள் பட்டியலில் நிற்கும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும், ஆனால் தேடினால் ஒன்றுதான் அகப்படும். காரணம் ‘கொ’. யூனிகோட்டில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும்போது இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் பாமினியில் கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் தட்டப்பட்டவை. கோப்பாய், கோண்டாவில், தொண்டைமானாறு எல்லாம் இதில் மாட்டும். இரண்டையும் தெரிவு செய்து ‘மேர்ஜ்’ கொடுத்தால் குறிப்புகளும் நிகழ்வுகளும் ஒன்றாகிவிடும். முன்னதாகக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள்.

குறிப்பு எழுதும்போது ஒரு விடயத்துக்கு ஒரு குறிப்பு என்று பிரியுங்கள். ஊரின் கோயில், பாடசாலை, குளம், பெயர்க்காரணம் எல்லாவற்றையும் ஒரே நீளக் குறிப்பில் கொட்டினால் பிறகு திருத்தவும் பகிரவும் முடியாது. கிராம்ப்ஸில் ஒரு குறிப்பைப் பல இடங்களோடு இணைக்கலாம். வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் இடம்பெயர்ந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் இடப்பெயர்வுக் குறிப்பு ஒன்றே போதும். இராணுவம் காணிகளை விடுவித்த காலம் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் அது தனிக் குறிப்பு. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில்.

குறிப்புக்குள் சான்றை இணைக்க முடியாது. சான்று இடப்பதிவில்தான் சேரும். ஆகவே எந்த வரி எந்தக் கல்வெட்டு நூலில் (இறந்தவர் நினைவாக அச்சிடும் மலர்), எந்தக் கும்பாபிஷேக மலரில் இருந்து வந்தது என்பதைக் குறிப்பின் கடைசி வரியில் பக்க எண்ணோடு எழுதிவிடுங்கள். நூலகம் எண்ணிம நூலகத்தில் இந்த மலர்களும் ஊர் வரலாறுகளும் ஏராளம்.

வளவுப் பதிவுக்குக் காணி உறுதியே அடிப்படை. காணிப் பெயர், நான்கு எல்லைகள், பரப்பளவு மூன்றையும் உறுதியில் உள்ள சொல்லிலேயே எழுதுங்கள். இலாச்சம் என்ற பழைய நில அளவில் இருந்தால் அதைப் பரப்பாக மாற்ற வேண்டாம், நெல் விதைப்பா வரகு விதைப்பா என்பதைப் பொறுத்து அளவு மாறும். தெரியாத இளையவர்களுக்காக, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று ஒரு வரி சேர்க்கலாம். அகலாங்கு நெட்டாங்கைக் கிணற்றில் எடுங்கள். வீடு இருந்த அடையாளமே இல்லாத வளவுகளிலும் கிணறு மிஞ்சியிருக்கிறது. உறுதி இலக்கமும் உரித்து விபரமும் உள்ள குறிப்புக்குப் பூட்டு அடையாளத்தை அழுத்தித் தனிப்பட்டதாக்குங்கள்.

இனி அச்சு. இட அறிக்கை, நிகழ்வுகளையும் ஆட்களையும் இடவாரியாக அடுக்கித் தருவதற்கானது. நீண்ட ஊர்க்குறிப்பை வாசிக்கும் வடிவில் எடுக்க ‘நரேட்டட் வெப் சைட்’ அறிக்கையே நல்லது. அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம், குறிப்பும் படமும் அங்கு நிகழ்ந்தவையும் சேர்ந்து வரும். இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை, உங்கள் கணினியில் உலாவியில் திறந்தால் போதும். உருவாக்குமுன் தனிப்பட்ட பதிவுகளைச் சேர்க்கும் தெரிவு அணைந்திருக்கிறதா, உயிரோடிருப்பவர்கள் மறைக்கப்பட்டார்களா என்று பாருங்கள்.

குறிப்பில் நீங்கள் பிரித்த வரிகள் அச்சில் ஒன்றாக ஒட்டி வந்தால், குறிப்புப் பெட்டியில் ‘பிரீஃபார்மேட்டட்’ தெரிவு செய்யப்படவில்லை என்று பொருள். சாதாரண குறிப்பில் பந்தி பிரிய ஒரு வெற்று வரி வேண்டும். நான்கெல்லைபோல் வரிவரியாக நிற்க வேண்டியவற்றுக்கு மட்டும் அந்தத் தெரிவைப் போடுங்கள்.

அழகாகக் கட்டிய புத்தகம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே எழுத்தளவை எவ்வளவு மாற்றினாலும் தமிழ் அசையாமல் நிற்பதாகத் தோன்றலாம். லிப்ரே ஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளின் வகுப்பில் வைத்திருக்கிறது. பாணியின் எழுத்துருத் தாவலில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேயவுட்’ பகுதியில் எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் 11 புள்ளி, வரி இடைவெளி 1.3, கட்டும் பக்கத்தில் 3 செ.மீ. ஓரம் என்பது ஏ4 தாளில் முதியவர்களும் வாசிக்கக்கூடிய அளவு. அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். மூலக்கோப்பைக் கொடுத்தால் அவர்களுடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் பக்கங்கள் புரண்டுவிடும்.

உறவினர் வேறு மென்பொருள் பாவித்தால், வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் கோப்பாக அனுப்புவது வழக்கம். ஜெட்காமில் இடம் என்பது நிகழ்வுக்குக் கீழே ஒரு வரிதான், தனிப் பதிவு கிடையாது. அதனால் திகதியிட்ட அடுக்குகள் போய்விடும், இடக்குறிப்புகளும் இணைந்தபடி போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. ஆள் விபரத்துக்கு ஜெட்காம் அனுப்புங்கள், ஊர்க்குறிப்பை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். உங்கள் சேமிப்புப் பிரதி எப்போதும் படங்களையும் சேர்த்துக் கட்டும் கிராம்ப்ஸின் சொந்தப் பொதிக் கோப்பாகவே இருக்கட்டும்.

முதல் அச்சை வெள்ளோட்டமாக நினைத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஊரிலுள்ள மூத்தவர்களுக்குத் தொலைபேசித் திரையைக் காட்டினால் ‘நல்லா இருக்கு’ என்று தந்துவிடுவார்கள். கையில் தாளும் பேனையும் கொடுத்தால்தான் ‘இந்த ஒழுங்கை அப்ப இல்லை, புளியடியால சுத்தித்தான் போறது’ என்று எழுதித் தருவார்கள். திருத்தம் வந்த இடப்பதிவுகளுக்கு ஒரு நிறத்தில் குறிச்சொல் போட்டு வைத்தால், அடுத்த அச்சுக்கு முன் எவை மீதம் என்று பட்டியலிலேயே தெரியும்.