பெயிண்ட் அடிக்கும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: என் ஸ்பிட்ஃபயருக்கு நடந்தது

பழைய கார் ஒன்றை ரெஸ்டோர் செய்ய ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பவர்களும் விடப்போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய 1966 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் சென்னையில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் கிடந்தது. மொத்தம் 6,80,000 ரூபாய் கொடுத்தேன். பளபளவென்று சிவப்பாகத் திரும்பி வந்தது. அந்தச் சிவப்புக்கு அடியில் இருந்தது பட்டியும் (பள்ளத்தை நிரப்பி மேலே பெயிண்ட் அடிக்கும் பசை) துருவும். உள்ளே இருந்த இன்ஜின் என்னுடையதே இல்லை. கடைசியில் காரை விற்றுவிட்டேன்.

பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்றார். பெயர் தெரிந்து அந்த ஒரு இடத்தைத் தவிர்ப்பதைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். இதே வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

எங்கள் வீட்டில் அப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். பெருங்களத்தூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாயும். சின்ன வயதில் அதைத் திறந்து மூடுவதே எனக்கு விளையாட்டு. ஸ்பிட்ஃபயர் அந்தக் குடும்பத்து வண்டிதான். ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, ஹெரால்டை வரைந்த அதே இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைந்த இரண்டு சீட்டு பாடியை அதன்மேல் வைத்து, 1962ல் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். 1980 வரை செய்தார்கள். என்னுடையது மார்க் 2. 1147 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். குன்னூரில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த வண்டி. அவர் காலமான பிறகு அவருடைய குடும்பத்தாரிடமிருந்து 2017ல் 3,50,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆர்.சி. சுத்தமாக இருந்தது, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போயின. வாங்கிய அன்றே சரிபார்த்தேன். அதை மட்டுமாவது செய்தேனே என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மழையிலும் பனியிலும் நின்ற கார் என்பதால் துரு இருந்தது. முக்கியமாக ‘சில்’ என்ற பகுதியில், அதாவது கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் தகட்டில். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் நடந்தது.

ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, பாடி தனி. சேஸிஸின் பக்கவாட்டுச் சட்டங்கள் கதவுக்கு அடியிலும் ஓடும். அதனால் ஹெரால்டில் கதவுக்குக் கீழே தெரியும் தகடு வெறும் மூடிதான். போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். நடுமுதுகு மட்டும்தான் சேஸிஸ். பக்கவாட்டுப் பலம் முழுவதும் சில்லில் இருக்கிறது: வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் பலத்துக்காக ஒரு தகடு. மூன்றையும் சேர்த்துப் பற்றவைத்தால்தான் பெட்டி மாதிரி நிற்கும். பின்சக்கரத்தை நிலையாகப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்கூட ஹெரால்டில் சேஸிஸில் மாட்டியிருக்கும், ஸ்பிட்ஃபயரில் பாடியில் மாட்டியிருக்கும். மேலே கூரையும் கிடையாது. சில் போனால் கார் நடுவில் தொய்யும்.

பட்டறைக்காரர் ஹெரால்டு வேலையில் பெயர் வாங்கியவர். அதைக் கேட்டுத்தான் போனேன். 2018 பிப்ரவரியில் வண்டியை விட்டபோது, “ஹெரால்டுதானே சார், கண்ணை மூடிட்டுப் பண்ணுவேன்” என்றார். மொத்தம் நாலு லட்சம், எட்டு மாதம் என்று பேச்சு. ஒரு வெள்ளைத்தாளில் ‘டிங்கரிங், பெயிண்டிங், இன்ஜின் ஓவராலிங், வயரிங்’ என்று நாலு வரி எழுதி, அடியில் தொகை போட்டுக் கொடுத்தார். அதுதான் எங்கள் ஒப்பந்தம். எந்தத் தகட்டை மாற்றுவது, எதைப் பழுது பார்ப்பது, இன்ஜினில் என்னென்ன புதிது என்று எதுவும் அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

சில் தகடுகளை நானே இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் மூன்று மூன்றாக ஆறு தகடு. கப்பல் செலவும் சுங்கவரியும் தகடுகளின் விலையைத் தாண்டிவிட்டன. டிசம்பரில் நானே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பழைய சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புப் பைப்பைப் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடி வளைந்துவிடும் என்றும் சொன்னேன். “தெரியும் சார், நாங்க பார்க்காததா” என்றார். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: வெட்டிய சில், உள்ளே புதுத்தகடு, பற்றவைத்த புள்ளிகள். மனது நிறைந்து போனது.

அந்தப் படத்தில் இருந்தது என் கார் இல்லை. தரையின் நிறமே வேறு. இரண்டு வருடம் கழித்துத்தான் அதை உற்றுப் பார்த்தேன்.

அப்புறம் எல்லாம் வழக்கமான கதை. டிங்கர் ஊருக்குப் போயிருக்கிறார், பெயிண்டர் வரவில்லை, கேஸ் சிலிண்டர் கிடைக்கவில்லை, பையன் கல்யாணம். ஒவ்வொரு முறையும் போனதும், “ஒரு இருபதாயிரம் குடுத்துட்டுப் போங்க சார், புதுப்பேட்டையில ஒரு சாமான் பார்த்து வச்சிருக்கேன்” என்பார். புதுப்பேட்டை சென்னையில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் இடம். கொடுத்துவிட்டு வருவேன். பெரும்பாலும் ரொக்கம். ரசீது கேட்டால் முகம் மாறும், கேட்பதை நிறுத்திவிட்டேன். நாலு லட்சம் ஐந்தரை ஆனது, பிறகு ஊரடங்கு வந்தது, அதுவும் ஒரு காரணமானது. 2021 ஜனவரியில் வண்டி கைக்கு வந்தபோது கணக்கு 6,80,000. வங்கி வழியாகக் கொடுத்ததற்கான சான்று 1,90,000 ரூபாய்க்கு மட்டும்தான் என்னிடம் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். முன் சஸ்பென்ஷன் வேலை நன்றாகவே இருந்தது. முன்சக்கரம் திரும்புவதற்காகக் கீழே வரும் ட்ரன்னியன் என்ற பித்தளை மூட்டுக்கு கிரீஸ் வைக்காமல் கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். அதுதான் சரி, பலருக்கு அது தெரியாது. வேலை தெரியாமல் செய்த தவறு என்று நான் இதை ஒதுக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு வேலை தெரியும்.

மார்ச் மாதம் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் கோவளம் வரை போனேன். அங்கே இறங்கப் பார்த்தால் அவர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. நான் வெளியிலிருந்து தூக்கி இழுத்த பிறகுதான் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். கதவின் பின் ஓரத்தில், மேலே இடைவெளி குறைந்து கீழே விரிந்திருந்தது. கதவுத் தூணின் அடியில் பெயிண்டில் முடி மாதிரி ஒரு கீறல். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் அந்தக் கீறல் வாயைத் திறந்தது.

வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி சில் மேல் வைத்துக்கொண்டே போனேன். காந்தம் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. முன்னால் பிடித்தது. நடுவில் பிடிக்கவில்லை. பின்னால் இரண்டு அடி நீளத்துக்குக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. மறுநாள் தெரிந்த டிங்கர் ஒருவரைக் கூட்டி வந்து ஒரு இடத்தில் சுரண்டச் சொன்னேன். அரை விரல் கனத்துக்குப் பட்டி. அதற்கு உள்ளே என் புது வெளித்தகடு. அதையும் பழைய துருப்பிடித்த சில்லின் மேலேயே போர்த்தி ஆங்காங்கே பொட்டு வைத்தது போலப் பற்றவைத்திருந்தார்கள். தகடு நீளம் போதாத இடத்தைப் பட்டியால் நிரப்பியிருந்தார்கள். நடுத்தகடும் உள்தகடும் போடவே இல்லை. நான் வரவழைத்த அந்த நாலு தகடும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

போனில் கேட்டேன். “ஹெரால்டுல அது சும்மா மூடிதானே சார்” என்றார். குறுக்குப் பைப் பற்றித் தெரியும் என்று சொன்ன அதே மனிதர்.

இதையாவது சரி செய்துகொள்ளலாம் என்றிருந்தேன். அந்த ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கான விதிகளை அறிவித்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடத்துக்கு ‘விஏ’ எழுத்து கொண்ட தனி நம்பர். ஆனால் சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சில் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். இன்ஜின் பிளாக்கில் நம்பர் இருக்கும் இடத்தில் பச்சை பெயிண்ட் கனமாக அப்பியிருந்தது. தின்னர் போட்டுத் துடைத்து, தாளை வைத்துத் தேய்த்தேன். என் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் எஃப்.சி. என்று தொடங்கும். தாளில் வந்தது ஜி என்று தொடங்கியது. மூன்று முறை தேய்த்துப் பார்த்தேன்.

பெருங்களத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வெர்னியரால் பிஸ்டனை அளந்தார். 63 மில்லிமீட்டர். “தம்பி, இது 948 சிசி. நம்ம ஹெரால்டு இன்ஜின். உங்க இன்ஜினா இருந்தா 69க்கு மேல இருக்கணும்” என்றார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும் என்றும் சொன்னார். என் இரட்டைக் கார்புரேட்டரை அதன் மேல் மாட்டியிருந்தார்கள், அதனால் பானட்டைத் திறந்தால் சந்தேகமே வராது. ஏறும்போது இழுக்கவில்லையே என்று நினைத்ததுண்டு. புது இன்ஜின், செட் ஆகவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்திருந்தேன்.

போலீஸில் புகார் கொடுத்தேன். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றார்கள். விடாமல் நின்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அந்த ஒரு தாளுக்கு மூன்று வருடக் கெஞ்சலைவிட வேகம் இருந்தது. பத்தே நாளில் பட்டறையிலிருந்து அழைப்பு. “தவறுதலா மாறிப்போச்சு சார்.” என் பிளாக் ஒரு மூலையில் சாக்குக்கு அடியில் இருந்தது. கிராங்க் இருந்தது. ஹெட் இல்லை, பிஸ்டன்கள் இல்லை. அதை ஏற்றிக்கொண்டு வரும் அவசரத்தில், இனி எந்தப் பாக்கியும் புகாரும் இல்லை என்று அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பிளாக்கைப் பார்த்த நிம்மதி, வேறொன்றுமில்லை.

பிறகு வக்கீலிடம் போனால் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்டார். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், என் தொகைக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய், வக்கீல் இல்லாமலேகூட மனு போடலாம் என்றார். ஆனால் ரொக்கத்துக்கு ரசீது இல்லை, வேலைப் பட்டியல் இல்லை, இப்போது பாக்கி இல்லை என்று என் கையெழுத்து வேறு இருக்கிறது. இந்த நிலைமையில் தூக்கி நிறுத்துவது கஷ்டம் என்றார். உங்கள் பொருளைத் திரும்ப வாங்கும்போது எந்தத் தாளை நீட்டினாலும், ‘பொருள் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டறையில் விடும் அன்றே இன்ஜின் நம்பரை, கார்புரேட்டரை, ஹெட்டில் உள்ள நம்பரைப் படம் எடுத்து, அங்கேயே நின்று அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிரைமர் அடிக்கும் முன் வெறும் தகட்டை நேரில் பார்க்காமல் பெயிண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். படத்தை நம்பி நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து பட்டறை முக்கால் மணி நேரத் தூரம்தான்.

இன்னொரு முறை எல்லாவற்றையும் வெட்டிப் பற்றவைக்க என்னிடம் பணமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஒரு வருடம் உறை போட்டு நிறுத்தி வைத்திருந்தேன். வந்த புரோக்கர்கள் எல்லாம் அந்தக் கீறலை டச்சப் செய்து, 948 இன்ஜினோடு ‘ஃபுல்லி ரெஸ்டோர்டு’ என்று போட்டால் எட்டு லட்சம் போகும் என்றார்கள். அதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பட்டியைச் சுரண்டிய இடத்தை அப்படியே திறந்துவைத்துப் படம் எடுத்து, நடந்ததை எல்லாம் எழுதி விளம்பரம் போட்டேன்.

2023 மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். பையிலிருந்து அவரே ஒரு காந்தத்தை எடுத்தார். ஒரு மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்க எழுதினதைவிட மோசமா எதுவும் இல்ல” என்றார். 4,25,000 ரூபாய். பட்டறையிலிருந்து மீட்டு வந்த என் பிளாக்கைத் தனியாக ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29லும் 30லும் கையெழுத்துப் போட்டேன். லாரியில் ஏற்றும்போது அந்தப் பக்கத்துக் கதவு மறுபடியும் சிக்கிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றால் கட்டினார்.

ஜூன் மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புப் பைப் பற்றவைத்திருந்தது. கீழே சில் முழுவதையும் வெட்டி எடுத்திருந்தார், வெறும் இடைவெளி. பெயிண்ட் அடிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும் அண்ணா, அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும் என்று எழுதியிருந்தார்.