ரெடிட் ‘சேஞ்ச் மை வியூ’: காசா பற்றி அடிதடி இல்லாமல் பேச முடிகிறதா?

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கியதிலிருந்து, அதைப் பற்றி இணையத்தில் எங்கே வாய் திறந்தாலும் மூன்றாவது பதிலுக்குள் யாராவது வந்து ‘எவ்வளவு வாங்கினாய்’ என்று கேட்டுவிடுகிறார்கள். இஸ்ரேல் பக்கம் பேசினால் கூலிக்கு எழுதுகிறவன், பாலஸ்தீனம் பக்கம் பேசினால் ஹமாஸ் ஆள், நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் அடி. இப்படிப்பட்ட நேரத்தில் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் ‘சேஞ்ச் மை வியூ’ (என் கருத்தை மாற்று) பக்கம் போங்கள், அங்கே மனிதர்கள் மாதிரி பேசுகிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டுத்தான் போனேன். நிறையப் படித்தேன், கொஞ்சம் எழுதினேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால் டர்ன்புல் என்ற பையன் பதினேழு வயதில், 2013-ல் ஆரம்பித்த இடம் இது. உங்கள் கருத்தைக் காரணத்தோடு குறைந்தது 500 எழுத்துகளில் எழுதி, முடிந்தால் என் மனதை மாற்றுங்கள் என்று கேட்க வேண்டும். கொளுத்திப் போட்டுவிட்டு ஓட முடியாது. மூன்று மணி நேரத்துக்குள் வந்து பதில் பேசாவிட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள். உங்களுக்கு நேரடியாகப் பதில் எழுதுகிறவர் நீங்கள் சொன்னதில் ஏதாவது ஒன்றையாவது மறுக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கம் கேட்க வேண்டும், ‘அருமையாச் சொன்னீங்க’ என்று ஜால்ரா போட முடியாது. மனம் மாறினால் மாற்றியவருக்கு ஒரு டெல்டா (பாராட்டுப் புள்ளி மாதிரி ஒரு குறி) கொடுத்து, எது மாற்றியது என்றும் எழுத வேண்டும். முழுசாக மாற வேண்டியதில்லை. போர் நிறுத்தம் பற்றிய நிலைப்பாடு அப்படியே இருந்து, நிவாரண லாரிகள் ஏன் எல்லையில் நிற்கின்றன என்பதில் மட்டும் தெளிவு வந்தாலும் டெல்டா உண்டு. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் போர்க்காலத்தில் யாரும் கட்சி மாறப் போவதில்லை, ஒரு ஓரம் நகர்ந்தாலே அதிகம்.

ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றுவது டெல்டா இல்லை, மூன்றாம் விதி. எதிரில் பேசுகிறவரை ‘நீ கூலி ஆள்’, ‘நீ பாட்’ (மனிதன் மாதிரி எழுதும் கணினி நிரல்), ‘நீ மனதை மாற்றிக்கொள்ள வரவில்லை’ என்று சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தை நிர்வகிக்கும் மாடரேட்டருக்கு ரிப்போர்ட் பண்ணிவிட்டு நகர வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வாசலை அடைத்ததும் பாதிச் சண்டைக்குத் தீனி இல்லாமல் போகிறது. ஆளை விட்டுவிட்டு அவர் சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் வருகிறது. இனப்படுகொலையா இல்லையா என்ற கேள்வியில்கூட இரண்டு பேர் சட்ட வரையறையை எடுத்து வைத்துக்கொண்டு நீளமாக வாதாடியதை அங்கே படித்தேன். மற்ற இடங்களில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே தொண்டையைப் பிடித்துவிடுவார்கள்.

சரி, இதே விதியில்தான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் மாடரேட்டர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள்: சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், மாதக்கணக்கில் ஏஐ எழுதிய கமெண்டுகளை அங்கே போட்டிருக்கிறார்கள். 1,700-க்கும் மேல். ஒரு கணக்கு பாலியல் வன்முறைக்கு ஆளானவராக நடித்தது, இன்னொன்று மனநல ஆலோசகராக. எதிராளியின் பழைய பதிவுகளைத் துழாவி அவருடைய வயது, பாலினம், அரசியல் எல்லாம் ஊகித்து அதற்கேற்பப் பேசவும் செய்தன. டெல்டாக்களும் வாங்கின! கண்டனத்துக்குப் பிறகு முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதாவது ‘நீ பாட்’ என்று சொல்லக் கூடாத இடத்தில் நிஜமாகவே பாட் உட்கார்ந்திருந்தது. போர் நடக்கும்போது பொய்க் கணக்குகளை இறக்க அரசுகளுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் விதியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். எடுத்தால் பாட் வெளியே போகாது, மனிதர்கள்தான் போவார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. பிடிக்காத கருத்தை மைனஸ் ஓட்டுப் போட்டுக் கீழே தள்ளுவது அங்கேயும் நடக்கிறது. தகவல் சரியா என்று யாரும் சரிபார்ப்பதில்லை, நாமே தேட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். அமெரிக்காவில் விழித்திருக்கும் நேரத்தில்தான் கூட்டம் அதிகம், நமக்கு அது நடுராத்திரி.

ஒரு உபயோகமான தகவல்: இந்த இடத்தின் வாதங்களை அலசி 2016-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியதில், ஒரே ஆளோடு ஐந்து சுற்றுக்கு மேல் போனால் டெல்டா கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்று வந்தது. என் அனுபவமும் அதேதான். நான்காவது பதிலில் எதிராளி அசையவில்லையா, லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒரு பக்கத்தை உறுதியாகப் பிடித்திருப்பவர்கள், எதிர்ப்பக்கத்தின் ஆகச் சிறந்த வாதம் எது என்று தெரிந்துகொள்ளப் போகலாம். ஆறுதல் தேடிப் போனால் அடிதான் கிடைக்கும். அப்புறம், போர் பற்றிப் பதிவு போடுவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்றைக்குக் கடந்த ஒரு மாதத்தில் வந்த தலைப்பை மறுபடி எடுக்கக் கூடாது என்று விதி, காசா எப்படியும் வந்திருக்கும், எழுதிய 500 எழுத்தும் வீண்.