மஞ்சள் வீட்டில் ஒரு நீலச் சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சென்னைக்காரன். ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம்தான், பிழைப்பு மீன்வலைக் கடைதான். ஆனால் ஐபிஎல் கிரிக்கெட் நடக்கிற ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சென்னை அணிக்காரன், மஞ்சள் சட்டைக்காரன். இந்தக் கரையில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஆகவே மும்பை இந்தியன்ஸ் பற்றி நான் விமர்சனம் எழுதுவது, பகையாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு உப்பு உறைப்பு சொல்வது மாதிரி. ஆனாலும் சாப்பாடு நன்றாக இருந்தால் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

பகை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லாமல் மார்க் போட்டால் நியாயமாக இருக்காது. எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கிழிந்த வலையைப் பின்னுகிறோம் என்று சொல்லிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் சாயங்காலமே என் கடைக்கு வந்துவிடுவார்கள். கையில் வலை ஊசி, கண் டிவியில். ஐபிஎல்லுக்கும் தடைக்காலத்துக்கும் யார் முடிச்சுப் போட்டார்களோ, எங்களுக்கு அது தோதாக அமைந்துவிட்டது. 2019 மே 12ஆம் தேதியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். ஐதராபாத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் இறுதிப் போட்டி. எங்கள் வாட்சன் முழங்காலில் ரத்தம் கசியக் கசிய 80 அடித்து ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். மும்பையின் மலிங்கா வேகத்தைக் குறைத்துக் காலுக்கடியில் போட்டார், ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. ஒரே ஒரு ரன்னில் போச்சு. என் மச்சான் வலை ஊசியைத் தூக்கி எறிந்ததில் மிதவை மூட்டை ஒன்று பொத்துக்கொண்டது. 2013, 2015 இறுதிகளிலும் இதே கூட்டத்திடம்தான் அடிவாங்கினோம். 2010 மட்டும்தான் எங்கள் கணக்கில் வரவு.

இப்படிப்பட்ட கடைக்குள் மும்பையின் நீலச் சட்டை நுழைந்தது என் மகளால்.

அவளுக்கு 12 வயது. கடைக்குப் பின்னால் உடைமரங்களுக்கு நடுவே ஒரு பொட்டல் கிடக்கிறது. அங்கே பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடுவாள். எங்கள் காலத்தில் பனை மட்டையை வெட்டி ஆடினோம்; இவளுக்கு நிஜ மட்டை இருக்கிறது. எழுதுவது, சாப்பிடுவது, பந்தை அடிப்பது எல்லாமே இடக்கை. 'பீச்சாங்கையால சோறு திங்காதடி' என்று அவள் அப்பத்தா இன்னும் ஓயவில்லை. 2024 டிசம்பர் 15ஆம் தேதி பெங்களூரில் பெண்கள் பிரீமியர் லீக்கின் சின்ன ஏலம் நடந்தது. மதுரைப் பொண்ணு ஜி. கமலினி, வயது 16, விக்கெட் கீப்பர், இடக்கை ஆட்டக்காரர். அடிப்படை விலை 10 லட்சம். டெல்லியோடு போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போய் மும்பை 1.6 கோடிக்கு எடுத்தது. அன்றைக்குப் பகலில்தான் அந்தப் பிள்ளை 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 44 அடித்திருந்தது. மதுரை என்றால் எங்களுக்கு வேறு ஊர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு, ஜவுளிக்கு, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். என் மகள் அப்பத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னது ஒரே வாக்கியம்: 'அந்த அக்காவும் பீச்சாங்கைதான் அப்பத்தா.' (இடக்கையால் மட்டை பிடிக்கிறவர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லப்போனேன். யார் கேட்டார்கள்.)

2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. மறுநாள் படகு கடலுக்குப் போகிற நாள். அதனால் கடையில் கயிறு, ஈயக்குண்டு, நூல் என்று ஒரே நெரிசல். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க ஆளில்லை. பெங்களூரில் மும்பைப் பெண்கள் அணிக்கு 168 இலக்கு. அமன்ஜோத் கவுர் கடைசிவரை நின்று இழுத்து வந்தார். எட்டாவதாக யார் இறங்குகிறார் என்று பார்த்தால் நம் கமலினி. ஓரிரு பந்துதான் மிச்சம் என்கிற நிலைமையில் வெற்றி ரன்னை அடித்தது அந்தப் பிள்ளைதான். ஒரு பந்து பாக்கி இருக்க ஆட்டம் முடிந்தது. கயிறு அளந்துகொண்டிருந்த நான் முழக்கணக்கை விட்டுவிட்டேன். யாருக்கு எத்தனை முழம் அதிகமாகப் போனதோ, இன்றுவரை ஒருவரும் திருப்பித் தரவில்லை.

அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தேன், பழைய ஆட்டங்களையும் தேடிப் பார்த்தேன். சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் அணி, சந்தேகமில்லாமல், நல்ல சரக்கு. 2023இல் முதல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே குஜராத்தை 143 ரன் வித்தியாசத்தில் உருட்டினார்கள்; அந்த ஆண்டே கோப்பை. 2024இன் முதல் ஆட்டத்தில் கடைசிப் பந்துக்கு 5 ரன் வேண்டும் என்ற நிலையில் வயநாட்டுப் பெண் சஜனா உள்ளே வந்தார். சந்தித்த முதல் பந்தே சிக்ஸர். அதே பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில் டெல்லிக்கு எதிராக மணிக்கு 132.1 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து போட்டார். பெண்கள் கிரிக்கெட்டில் அதுவரை பதிவான பந்துகளிலேயே அதிவேகமானது அது. 'பொம்பளைப் புள்ளைங்க பந்து மெதுவா வரும்ல' என்று கடையில் ஒருத்தர் இழுத்தார். உங்கள் மகனை மட்டையோடு கூட்டி வாருங்கள் பார்ப்போம் என்றேன்.

இங்கிலாந்தின் நாட் சிவர்-பிரன்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 பருவத்தில் மட்டும் 523 ரன், 12 விக்கெட். இந்த லீக்கில் ஒரே பருவத்தில் 500ஐத் தாண்டிய முதல் ஆள். அவர் ஆடுவதைப் பார்ப்பது அனுபவப்பட்ட ஸ்ராங்கு படகு ஓட்டுவதைப் பார்ப்பது மாதிரி; கை அசைவது தெரியாது, படகு போய்ச் சேர்ந்திருக்கும். மார்ச் 15 இறுதியில் மும்பை பிரபோர்ன் மைதானத்தில் இவர்கள் எடுத்தது வெறும் 149. அதில் ஹர்மன்பிரீத் கவுர் மட்டும் 44 பந்தில் 66. டெல்லியின் மரிசான் காப் கடைசியில் பயமுறுத்தினார், ஆனாலும் அவர்கள் 141இல் நின்றார்கள், 8 ரன்னில் இரண்டாவது கோப்பை. டெல்லிக்கு அது தொடர்ந்து மூன்றாவது இறுதித் தோல்வி. அவர்களுக்காகவும் கொஞ்சம் வயிறு எரிந்தது, அது வேறு கதை.

ஆண்கள் அணி பற்றி? இங்கே என் கை கூசும். சரி, ஒன்றை மட்டும் மனம்விட்டுப் பாராட்டுகிறேன், ஆள் பிடிக்கிற கண்ணை. 2025 மார்ச் 23 சேப்பாக்கம் ஆட்டத்துக்கு நானும் மச்சானும் போயிருந்தோம். பாம்பன் புதுப் பாலம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது, ராமநாதபுரத்தில் ரயிலேறினோம். சுற்றிலும் மஞ்சள் கடல். நூர் அகமது 4 விக்கெட், தோனி ஒரு கண்ணிமைப்பில் சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்தது, எல்லாம் நமக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மும்பை ஒரு பையனிடம் பந்தைக் கொடுத்தது. இடக்கைச் சுழல், பெயர் விக்னேஷ் புத்தூர், மலப்புரத்து ஆட்டோ ஓட்டுநர் மகன். மாநில அணியின் பெரிய ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். ருதுராஜ், துபே, ஹூடா என்று வரிசையாக மூன்று பேரைத் தூக்கினார். 'யார்றா இவன், எங்கேயிருந்து புடிச்சாங்க?' என்றார் மச்சான். கடைசியில் ரச்சின் சிக்ஸர் அடித்து நாம்தான் ஜெயித்தோம். ஆனால் திரும்பும் ரயிலில் நாங்கள் பேசியது அந்தப் பையனைப் பற்றித்தான். பும்ரா, ஹார்திக், திலக் வர்மா எல்லோரும் பெரிய பெயராகும் முன்பே இந்தக் கண்ணில் பட்டவர்கள். எங்கே மீன் இருக்கும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்கிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தர் இருப்பார் இல்லையா, அப்படி யாரையோ சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆண்கள் அணி 2013 முதல் 2025 வரை ஒரு பருவத்தில்கூட முதல் ஆட்டத்தை ஜெயித்ததில்லை. 'முதல் ஆட்டம் சாமிக்கு' என்று அவர்கள் ரசிகர்களே சொல்லிக்கொள்வார்கள். 2024 பருவத்துக்கு ரோகித்திடமிருந்து தலைமையை எடுத்து ஹார்திக்கிடம் கொடுத்த விதத்தில் சொந்த மைதானத்திலேயே கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டு பத்தாவது இடம், அதாவது கடைசி. அப்புறம் நியூயார்க், கேப்டவுன், எமிரேட்ஸ் என்று உலகமெல்லாம் கிளை. ஓட்டலுக்குக் கிளை திறந்தால் சாம்பார் தண்ணியாகும் என்பது என் அபிப்பிராயம், இவர்கள் அங்கேயும் கோப்பை ஜெயித்து என் வாயை அடைத்துவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் என் குறை வேறு. லீக் சுற்றில் ஓர் அணிக்கு 8 ஆட்டம்தான். ஆண்களுக்கு 14. உட்கார்ந்து காலை நீட்டுவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. நடப்புச் சாம்பியனாக 2024இல் இறங்கிய இந்த அணிக்கு அந்த ஆண்டு மும்பையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. எல்லாம் பெங்களூர், டெல்லி. 2025 ஏலத்துக்கு ஆண்கள் அணிக்குக் கையில் 120 கோடி, பெண்கள் அணிக்கு 15 கோடி. கோப்பைக்குப் பரிசு அங்கே 20 கோடி, இங்கே 6 கோடி. இதெல்லாம் மும்பை மட்டும் போட்ட கணக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரே சட்டை, ஒரே பெயர் என்று விளம்பரம் செய்கிற வீட்டில் இரண்டு பந்தி வைத்தால் கண்ணில் உறுத்தத்தான் செய்யும்.

உண்மையான கோபம் எனக்கு மும்பை மேல் இல்லை. மும்பை, டெல்லி, பெங்களூர், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகளோடு 2023இல் இந்த லீக் தொடங்கியபோது சென்னை அதில் இல்லை. ஐந்து கோப்பை ஜெயித்த வீடு, வாசலில் இத்தனை மஞ்சள் சட்டை காத்திருக்கிற வீடு, பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு அறை கட்டவில்லை. கமலினி மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் போய் மும்பைக்கு ஆட வேண்டியிருக்கிறது. என் மகள் எங்கள் கடையில் உட்கார்ந்து மலிங்காவின் அணிக்குக் கைதட்ட வேண்டியிருக்கிறது. அவளிடம் நான் என்ன பதில் சொல்ல?

மார்க்: பெண்கள் அணிக்கு 5க்கு நாலரை. ஆண்கள் அணிக்கு மூன்று. அந்த ஒரு ரன்னுக்காக அரை மார்க் பிடித்தம் செய்திருக்கிறேன், கேள்வி கேட்கக் கூடாது.

சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் கேட்டாள் என்று இணையத்தில் ஏதோ ஒரு கடையில் நீலச் சட்டைக்குச் சொல்லிவிட்டேன். அசல் என்று போட்டிருந்தது. 399 ரூபாய்க்கு அசல் எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெண் பிள்ளை அளவே அதில் கிடையாது, ஆண்களுக்கான சின்ன அளவைத்தான் வாங்கினோம். முழங்கால் வரை தொங்கியது. முதுகில் 16 என்று போடச் சொல்லியிருந்தாள், கமலினி ஏலம் போன வயது. முதல் சலவையிலேயே 6 உரிந்து வாளியில் மிதந்தது. மாற்றித் தர மாட்டார்களாம். தடைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லாப் படகுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். படகில் எண் எழுதுகிற அண்ணனிடம் சட்டையை எடுத்துக்கொண்டு இவளே போயிருக்கிறாள். அவர் முன்னால் டிஎன் 10 போடட்டுமா என்று கேட்டாராம், வேண்டாம் என்றுவிட்டாளாம். படகு எழுத்தில், வெள்ளை எனாமலில், கொட்டை கொட்டையாக 16. ஒரு வருஷத் துவைப்பு தாங்கிவிட்டது, துணிதான் அந்த இடத்தில் பலகை மாதிரி விறைத்து நிற்கிறது.