கல்வெட்டா, நாட்குறிப்பா? வரலாற்று நாவலுக்கு எதில் தொடங்குவது

சோழர் காலத்தை எழுதுபவருக்குக் கல்வெட்டுதான் கதி. அது கணக்குப்பிள்ளையின் மொழியில் பேசும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்களின்) பெயர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு ஆளுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு தெருவையே எழுப்பிவிடலாம். ஆனால் அங்கே ஒருத்திகூடச் சிரிக்கமாட்டாள், சண்டை போடமாட்டாள். அந்த வேலை முழுக்க நாவலாசிரியருடையது.

வழக்கமாகச் சறுக்குவது ஆட்சியாண்டுக் கணக்கில். ராஜராஜன் அரியணை ஏறியது 985. அதுவே முதலாம் ஆண்டு என்பதால், கல்வெட்டு அவனது 29ஆம் ஆட்சியாண்டு என்றால் அதற்கு 28ஐத்தான் கூட்டவேண்டும்: 1013-14. அடுத்த சறுக்கல் அடுக்களையில். மிளகாய் போர்த்துகீசியர் வந்தபின் வந்த சரக்கு. சோழர் குழம்புக்குக் காரம் மிளகுதான்.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி என்றால் நிலைமை தலைகீழ். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறது. வதந்தி, வியாபாரம், வெகுமதி, பீரங்கி மரியாதை, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதுவரை கிடைக்கும். அன்றைய பேச்சுத் தமிழும் இலவசம்! ஆபத்தும் அங்கேதான். பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். அவருக்கும் வேண்டியவர், வேண்டாதவர் உண்டு. அப்படியே எடுத்தாண்டால் அவருடைய பகை உங்கள் கதையின் தீர்ப்பாகிவிடும். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் பிரெஞ்சுக் கம்பெனி ஆவணங்களோடு ஒப்பிடுங்கள்.

முதல் நாவல் என்றால் நாட்குறிப்பே மேல்.